சினேகிதியோட உதட்டுப் புண்ணு

இல்ல தம்பி, எனக்கில்ல. என் சினேகிதி ஒருத்திக்கு. நான் மாஸ்க் போட்டிருக்கறது சளிக்கு. சளி வேற, இது வேற, ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க. அவளுக்கு உதட்டோரம் கொத்தா கொப்புளம் கிளம்பி, அது உடைஞ்சு, இப்ப மேல கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டு ஒட்டியிருக்கா. மருந்துக்கடையில விக்கற ஒட்டுதான், அதோ, உங்க பின்னாடி தொங்குதே, வட்ட வட்டமா, அதேதான். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. மேல ஒட்டு இருக்கற வரைக்கும் அது அடுத்தவங்களுக்குத் தொத்துமா, தொத்தாதா? ஆமான்னோ இல்லன்னோ சொல்லிட்டா அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிடுவேன்.

அப்படி ஒரு வார்த்தையில சொல்ல முடியாதாக்கும். படிச்சவங்க யாரைக் கேட்டாலும் இதுதான். சரி, சொல்லுங்க. இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கறேன், முட்டி நிக்க விட மாட்டேங்குது.

ம். ம். அதாவது ஒட்டுங்கறது ஒரு மூடி. மூடி போட்டதால உள்ள இருக்கறது இல்லாமப் போயிடாது. கை படாது, துணி படாது, அதனால பரவறது குறையும். குறையுந்தான், நிக்காது. அப்ப எப்பதான் நிக்கும்? காஞ்சு, பொருக்கு கட்டி, பொருக்கு தானா உதுந்து, கீழ தோலு பழையபடி ஆகற வரைக்குமா? ஒரு வாரம், பத்து நாளு, சிலருக்கு ரெண்டு வாரம் கூடவா. அட கடவுளே. அவளுக்கு இப்பதான் பொருக்கே கட்டுது. ஒட்ட ரெண்டு அடுக்கா ஒட்டினா? சிரிக்காதீங்க தம்பி. அவ மூணு அடுக்கு ஒட்டலாமான்னு கேட்டா, நான்தான் ரெண்டா குறைச்சுக் கேக்கறேன்.

எங்க இருந்து வரேனா? பாலத்துக்கு அந்தப் பக்கம், மீன் சந்தைக்குப் பின்னாடி. அரிசிப் பலகாரக் கடை வெச்சிருக்கேன், மாவு மில்லும் சொந்தம். சந்தையில மருந்துக்கடை இல்லாம என்ன, ரெண்டு இருக்கு. ஒண்ணுல இருக்கறவருக்குக் காது கேக்காது, எந்த வியாதியா இருந்தாலும் கத்திச் சொல்லணும். இன்னொண்ணுல இருக்கறவளுக்கு எல்லாமே கேக்கும், அதுதான் தொல்லை. காலையில நான் மூலத்துக்கு மருந்து வாங்கினா மத்தியானம் கணவாய் விக்கறவ வந்து, அக்கா உக்கார மெத்தை ஒண்ணு தரவாம்பா. அதான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தேன். உங்க கடை நல்ல கடைன்னு சொன்னாங்க. யாரோ சொன்னாங்க தம்பி. சந்தையில நாலு பேரு நாலு சொல்லுவாங்க, யாருன்னெல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா.

அவசரம் என்னன்னா, நாளைக்கு அவ பேத்தியப் பாக்கப் போறா. மகன் கனடாவுல இருந்து வந்திருக்கான். பேத்தி பொறந்ததுல இருந்து ஒரு தடவை கூட மடியில போட்டு ஆசை தீரக் கொஞ்சினதில்ல. சின்னஞ்சிறுசு, இன்னும் குப்புறக்கூட விழல. நாளைக்குத்தான் மொத மொதல்ல அந்தக் கன்னத்துல ஒரு முத்தம் வெக்கப் போறேன்னு தவங்கெடந்தவ. ஒட்டுதான் இருக்கே, பாத்தாலும் தெரியாதே, நான் பாட்டுக்குக் கொஞ்சிட்டு வந்துடறேன்னு நிக்கறா. எனக்கு மனசு ஒப்பல, வேண்டாங்கறேன். நேத்துல இருந்து அவளுக்கும் எனக்கும் இதே சண்டைதான்.

என்ன தம்பி, மொகமே மாறிப் போச்சு.

மூளை வரைக்குமா? இந்த உதட்டுப் புண்ணா? எனக்கு வந்தா நாலு நாள் எரியும், அப்புறம் போயிடும். எனக்குன்னா, பொதுவா, மனுஷங்களுக்கு. பச்சக் கொழந்தைக்கு அப்படி இல்லையாக்கும். காய்ச்சல் வந்து, பால் குடிக்க மாட்டாம துவண்டு போயி... சில கொழந்தை பொழைக்கறதே... போதும் தம்பி. போதும். கொஞ்சம் தண்ணி குடுங்க. அந்தக் குவளை வேண்டாம், காகிதக் கப்புல ஊத்துங்க, குடிச்சுட்டு நானே கசக்கிப் போட்டுடறேன். அந்தப் பக்கம் திரும்பிக் குடிச்சுக்கறேன். சளிதான், சளின்னு சொன்னேனே.

நான் இவ்வளவு நெனைக்கல. ஏதோ கொழந்தைக்கும் உதடு வெடிக்கும், பாவம் அழும், அவ்வளவுதான்னு நெனச்சேன். நல்லவேளை வந்தேன்.

இன்னொரு சந்தேகம். இந்த ஒட்டு நாள் பூரா நிக்க மாட்டேங்குது. சூப்பு குடிச்சா ஆவியில கிளம்பிக்குது. காலையில ஷேவ் பண்றப்ப ஓரத்துல சுருண்டுக்குது. பிச்சு எடுத்தா பொருக்கும் சேந்து வந்து ரத்தம் கசியுது. அதுக்கு என்ன பண்ணணும்?

யாரு ஷேவ் பண்றதா?

அவதான். வயசானா சில பொம்பளைங்களுக்கு லேசா முளைக்கும் தம்பி, உங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. சரி, சரி, அப்படிப் பாக்காதீங்க. ஆம்பளைதான். சினேகிதின்னு சொன்னா வெவகாரம் சுருக்கமா முடியும். சினேகிதன்னு சொன்னா எங்க, எப்ப, எப்படின்னு வரிசையா கேள்வி வரும். இப்ப பாருங்க, உங்க வாயிலேயே வந்து நிக்குது.

பாட்டு வகுப்புல பழக்கம். முதியோர் மையத்துல வியாழக்கிழமை வியாழக்கிழமை நடக்குது, தலையெல்லாம் நரைச்சப்புறம் காதல் பாட்டு கத்துக் குடுக்கறாங்க. அந்த மனுஷன் மொத நாள் எந்திரிச்சுப் பாடினாரு பாருங்க, வாத்தியாரம்மா பியானோவ நிறுத்திட்டு ஜன்னலப் பாத்தாங்க. சுதி ஒரு பக்கம், இவரு ஒரு பக்கம். ஆனா முழுப் பாட்டையும் விடாமப் பாடி முடிச்சாரு, ஒரு வரி விடல. எல்லாரும் சிரிப்ப அடக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் ஒருத்தி மட்டும் கை தட்டினேன். ஏன் தட்டினேன்னு கேட்டா தெரியாது. இருபது வருஷமா சம்சாரம் இல்லாம ஒத்தையா சமைச்சுத் தின்ன ஆளுன்னு பாட்டுலயே தெரிஞ்சுது. நானும் வீட்டுக்காரரப் பறிகொடுத்துப் பல வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாதா. வகுப்பு முடிஞ்சு வெளிய வந்தா எனக்காகக் குடையோட நிக்கறாரு. மழை இல்ல தம்பி. மழை வந்தா என்ன பண்றதுன்னு நின்னாராம்.

எப்படித் தொத்தியிருக்குமா? அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். மைக்கு. அந்த வகுப்புல ஒரே மைக்குதான், ரெண்டு பேரு சேந்து பாடற பாட்டுன்னா மொகத்தோட மொகம் வெச்சுப் பாடணும். மைக்குல வருமா? கஷ்டமா. சரி, துண்டு? ஒரே துண்டுல வாயத் தொடைச்சா வரலாமா, பாத்தீங்களா, அப்ப துண்டுதான். ஆனா துண்டுன்னு எடுத்தா அவரு துண்டு எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு ஆகும். துண்ட விடுங்க. சூப்புக் கிண்ணம்? நம்ம கொரியாவுல ஒரே சட்டியில பத்துக் கரண்டி போகுது, ஒரே கிண்ணத்துல அரிசிக் கள்ளு சுத்தி வருது. அதுலயும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அப்ப சூப்புன்னே வெச்சுக்குவோம்.

பெரும்பாலும் எதுலயா?

அப்படிங்களா. முத்தத்துல. அதெல்லாம் எனக்கெங்க தெரியப் போகுது.

மாஸ்க்கக் கழட்டச் சொல்றீங்களா? சளி... சரி, நீங்க விட மாட்டீங்க. கழட்டிட்டேன், பாருங்க. எனக்கும் இருக்கு. எனக்கு இடது ஓரம், அவருக்கு வலது ஓரம். ரெண்டும் வேற வேற பக்கம், அதனால சம்பந்தமே இல்ல. எதிரெதிரா நின்னா ஒரே பக்கமா? கணக்குல நீங்க கெட்டிதான் போல. நான் ஒட்டு போட்டுக்கல, எனக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்ல, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ஒண்ணு சொல்லுங்க. யாரு கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு இந்தப் புண்ணப் பாத்துக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாதா. சின்ன வயசுலயே உள்ள வந்து பேசாமப் படுத்துக் கெடக்கும், உடம்பு அசரறப்ப எந்திரிக்குமா. அப்ப அறுபது வருஷமா எங்கிட்டயே கெடந்திருக்கலாம், எழுபது வருஷமா அவருகிட்டயும் கெடந்திருக்கலாம். நல்ல வியாதி. காட்டிக் குடுக்காத வியாதி.

கதவு மணி அடிக்குது. வாங்கம்மா, நீங்க வாங்கிக்குங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் சும்மா உக்காந்திருக்கேன்.

ஆமாங்க, உதடுதான். வெடிச்சுப் போச்சு. பலகாரக் கடைங்க, அறுவடைப் பண்டிகைக்குக் கொழுக்கட்டை புடிச்சுப் புடிச்சு, ஆவியில நின்னு நின்னு... ஆமாங்க, ஒத்த ஆளுதான். புள்ளைங்க சியோல்ல இருக்காங்க, அவங்க எங்க வந்து புடிக்கறது. ஐயோ, எனக்கு எதுக்குங்க சத்துத் தண்ணி, வேண்டாங்க. நீங்க காசு குடுத்து வாங்கி... சரி, அன்பா குடுக்கறீங்க, வாங்கிக்கறேன். இருங்க, இருங்க, கையப் புடிக்காதீங்க, கையெல்லாம் அழுக்கு. போயிட்டு வாங்க. நல்லா இருங்க.

பாத்தீங்களா தம்பி? இதத்தான் சொன்னேன், எனக்கு மறைக்க வேண்டிய அவசியமில்லன்னு. நம்ம ஊர்ல உதடு வெடிச்சா உழைச்சு உழைச்சு வெடிச்சுதுன்னு அர்த்தம். பரீட்சைக்குப் படிக்கற புள்ளைக்கு உதடு வெடிச்சா பெத்தவ தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவா. புது மருமகளுக்கு வெடிச்சா மாமியார்க்காரி ஊருக்குப் பயந்து ஒரு நாள் படுக்க விடுவா. இந்தப் புண்ணு கிளம்பினதுல இருந்து சந்தையில எனக்கு மூணு தூக்குவாளி கோழி ரசம் வந்திருக்கு. கருவாட்டுக்கடை பில்யே அக்கா என் உதட்டப் பாத்து அழுதுட்டாங்க. ஒத்தப் பொம்பளையா இப்படிப் பாடுபடறியேடின்னு. நானும் தலையக் குனிஞ்சுகிட்டேன். எந்தப் பாட்டுலன்னு அவங்களுக்கென்ன தெரியும்.

சிரிங்க, சிரிங்க. வந்ததுல இருந்து இப்பதான் பல்லு தெரியுது.

ஆனா அவருக்கு அந்த வசதி இல்ல பாருங்க. காலையில மலை ஏறுவாரு, மத்தியானம் சதுரங்கம் ஆடுவாரு, சாயங்காலம் தூங்குவாரு. எந்த உழைப்புல உதடு வெடிச்சுதுன்னு சொல்லுவாரு? அதான் ஒட்டு. ஒட்டு மேல என் பவுடர் வேற. நேத்து எங்கடைக் கண்ணாடி முன்னாடி நின்னு பஞ்சால ஒத்தி ஒத்திப் பாக்கறாரு, கல்யாணப் பொண்ணு தோத்தா. தெரியுதா, தெரியுதாங்கறாரு. தெரியலன்னு சொன்னா தப்பு, தெரியுதுன்னு சொன்னா இன்னும் பூசுவாரு. நான் மாவு சலிக்கப் போயிட்டேன்.

என் பயம் என்னன்னா தம்பி, அந்த வீட்டுல யாராவது பாத்துட்டாக்கூட என்ன சொல்லுவாங்க? இப்ப வந்துட்டுப் போன அந்தம்மா சொன்னதத்தான் சொல்லுவாங்க. மாமா களைச்சுப் போயிருக்கீங்க, உக்காருங்க, கோழி ரசம் குடிங்க, இந்தாங்க பேத்தி, மடியில வெச்சுக்குங்க, களைப்பெல்லாம் பறந்துடும். கொழந்தையத் தள்ளி வெக்கணும்னு ஒருத்தருக்குத் தோணாது. பாவம்னு சொல்லிச் சொல்லியே கொழந்தையக் கையில குடுத்துடுவாங்க. மருமகப் பொண்ணு நல்ல பொண்ணு, அவளுக்கு இது தொத்தும்னே தெரியாது. மகன் பாத்தா ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான், கூர்மையான பய. அதுக்குத்தான் மகன் வேலைக்குப் போயிருக்கற நேரமாப் பாத்து, காலையிலேயே, கொழந்தையக் குளிப்பாட்டி எடுக்கற நேரத்துக்குப் போகப் போறாரு.

கனடாவுல இருந்து வந்தவன் இங்க என்ன வேலைக்குப் போறானா?

அது... அவன் லீவுல வந்தாலும் சும்மா இருக்க மாட்டான். இல்ல தம்பி, விடுங்க. கனடா பொய்தான். பொய் சொல்றதுன்னா கொஞ்சம் தூரமா சொன்னா நல்லா இருக்குமேன்னு கனடா வரைக்கும் போயிட்டேன். இந்த ஊருதான். பக்கத்துத் தெருன்னே வெச்சுக்குங்க.

நேரா அந்த மகன்கிட்டயே சொல்லிடலாமேன்னா? சொல்லலாம். என்னன்னு சொல்லணும்? நான் யாருன்னு கேப்பானே. எங்கப்பா உதட்டுல இருக்கற புண்ணு உனக்கெப்படித் தெரியும்னு கேப்பானே. அவன் அம்மா செத்துப் போனப்ப அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அன்னிக்குல இருந்து அப்பனும் புள்ளையும் ரெண்டே பேரு, ஒரே தட்டுல தின்னு வளந்தவங்க. இந்தக் கெழவன் அவனுக்குச் சோறு கட்டிக் குடுத்தவரு, காலேஜ் வரைக்கும் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டவரு. எழுபது வயசுல வந்து, டேய், நான் ஒருத்தியோட பாட்டு வகுப்புக்குப் போறேன்டான்னு சொல்ல அவருக்கு வாய் வரல. ரெண்டு வருஷமா வரல. மலைக்குப் போறேன், மலைக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடைக்கு வந்து உக்காந்து சிவப்புப் பயறு பொறுக்கிக் குடுப்பாரு. மனுஷனுக்குப் பொறுக்கவும் தெரியாது, கல்ல விட்டுட்டுப் பயறத் தள்ளுவாரு. அதையெல்லாம் அவரு போனப்புறம் நான் மறுபடி பொறுக்கணும்.

நேத்து நான் கண்டிஷனா சொல்லிட்டேன். இந்த உதட்டோட கொழந்தைகிட்டப் போகக் கூடாது, நேத்து ரேடியோவுல கூட ஏதோ டாக்டர் சொன்னாருன்னு ஒரு பொய்யையும் சேத்துச் சொன்னேன். கோவம் வந்துடுச்சு. உனக்குப் பேரன் பேத்தி இருந்தாத் தெரியும்னாரு. எனக்கு இல்ல, வாஸ்தவந்தான். என் புள்ளைங்க ரெண்டும் கல்யாணமே வேண்டாம்னு உக்காந்திருக்குதுங்க. அத அவரு சொல்லிக் காட்டுவாருன்னு நான் நெனைக்கல. சுருக்குன்னு இருந்துச்சு. அப்படியே தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போனாரு. இன்னிக்கு வியாழக்கிழமை, வகுப்புக்கும் வரல. நான் பாட்டுப் புஸ்தகத்த வெச்சுக்கிட்டு ஒண்டியா உக்காந்திருந்தேன்.

இப்ப நான் இத வெளிய சொன்னா அவரு என் கடைப் பக்கம் திரும்ப வருவாரான்னு தெரியல. பயமாத்தான் இருக்கு. இந்த வயசுல எனக்காக வெயில்ல குடை புடிச்சு நிக்க இன்னொருத்தன் வரப் போறானா. ஆனா நீங்க சொன்னதக் கேட்டப்புறம், கொழந்தை பால் குடிக்காமத் துவண்டு போகும்னு கேட்டப்புறம், வாய மூடிக்கிட்டு இருந்தா நான் மனுஷியே இல்ல. அவரால கொழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆகிப்போனா அந்த மனுஷன் உசுரோட இருப்பாரா.

என்ன? அவரக் கூட்டிட்டு வாங்க, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்னா? நல்ல மனசு தம்பி உங்களுக்கு. ஆனா அவரு வர மாட்டாரு. வேற எந்தக் கடைக்குன்னாலும் வருவாரு, இந்தக் கடைக்கு இந்த உதட்டோட வரவே மாட்டாரு. நூறு நாள் முடியற வரைக்கும் யாரும் கொழந்தை மொகத்துகிட்ட மொகத்தக் கொண்டு போகக் கூடாது, அப்பா, நீங்களுந்தான்னு சட்டம் போட்டதே நீங்கதானே.

உக்காருங்க. ஸ்டூல் இந்தாங்க, எனக்கு முட்டி சரியாயிடுச்சு.

ஆமா தம்பி. உங்க அப்பா தோசிக்குதான். மலைக்கோயிலுக்குப் போறேன், பண்டிகை முடிஞ்ச கையோட மலையேறும் சங்கத்து ஆளுங்களோட நாலு நாள்னு உங்ககிட்டச் சொன்னாரே, கோயிலும் இல்ல, சங்கமும் இல்ல. உதடு ஆறட்டும்னு உங்க கண்ணுல படாம சுத்திட்டு இருந்தாரு. போன் பண்ணாதீங்க. இப்ப பண்ணாதீங்க, கோவமா இருக்கீங்க. எம்மேல கோவப்படுங்க, கேட்டுக்கறேன்.

உங்க சட்டத்த அவரு ஒரு நாள் கூட மீறல தெரியுமா? பேத்தி நாரேவத் தூக்கிட்டு வந்து, மூக்க மட்டும் கிட்டக் கொண்டு போயி மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லுவாரு. பால் வாசனை அடிக்குதுன்னு சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் புதுசா சொல்லுவாரு. எம் புள்ள போட்ட சட்டம், சரியாத்தான் போட்டிருப்பான், மருந்து படிச்சவன்னு சந்தையில அத்தனை பேருகிட்டயும் பெருமை. நாளைக்கு அந்த நூறு முடியுது. அதுக்குன்னு இந்தப் புண்ணு இப்பவா வரணும். திட்டாதீங்க தம்பி. கெழவனுக்குப் புத்தி கெட்டதெல்லாம் ஆசையிலதான்.

நாளைக்குக் காலையில கடைய லேட்டா தொறங்க. வீட்டுல இருங்க. அவரு வந்தா நீங்களா பாத்துக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுங்க. கைய நல்லாக் கழுவச் சொல்லி, மாஸ்க் போட்டுவிட்டு, கொழந்தையோட பாதத்த மட்டும் கையில குடுங்க. பாதத்தப் புடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல? அதையும் காலுறை போட்டுக் குடுக்கறதா? சரி, நீங்க சொன்னா சரி. புண்ணு ஆறி தோல் பழையபடி ஆனப்புறம் உங்க கண்ணால பாத்துட்டு, அப்பா, இன்னிக்கு முத்தம் குடுத்துக்குங்கன்னு நீங்களே கூப்பிடணும். அது மட்டும் மறந்துடாதீங்க.

என்னப் பத்திச் சொல்லணுமான்னு கேக்கறீங்களா. சொல்ல வேண்டாம். தெரியாத மாதிரியே இருங்க. இல்ல, வேண்டாம், அப்புறம் அவரு இன்னும் ரெண்டு வருஷம் மலை ஏறுவாரு. சொல்லுங்க. அவளே வந்து சொன்னான்னு சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

கொழந்தையோட நூறாவது நாள் விழாவுக்கு வெள்ளை அரிசிப் பலகாரம் எங்கடையிலதான் சொல்லியிருக்காரு, எந்தக் கடைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அரிசி ஊறப் போட்டாச்சு. வாசல்லயே குடுத்துட்டு ஓடிடறதாத்தான் இருந்தேன். உள்ள கூப்பிட்டா வரேன். மாஸ்க்கோடதான் வருவேன், கொழந்தையத் தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடறேன்.

என்னன்னு கூப்பிடறதுன்னு முழிக்காதீங்க தம்பி. நான் கதவத் தொறந்ததுல இருந்து, என்ன வேணும்மா, உக்காருங்கம்மா, பாத்து எந்திரிங்கம்மான்னுதான் கூப்பிட்டுட்டு இருக்கீங்க. கடைக்கு வர்ற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவீங்க, எனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.